மாவட்டக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள ஐயா,

அந்தியூர் பக்கம் ஆசிரியராக இருக்கிறேன். பர்கூர் மலையிலிருந்து வரும் மலையாளிப் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைப்பதில்லை. அதே மக்களுக்குச் சேலம் மாவட்டத்தில் கிடைக்கிறது. கலெக்டர் ஒரு கையெழுத்துப் போட்டால் தீர்கிற விஷயம்தானே, ஏன் இத்தனை வருட இழுத்தடிப்பு? "எல்லாம் இட ஒதுக்கீட்டுக்காகத்தான், நிலம்தான் அவர்கள் கையில் இருக்கிறதே" என்கிறார் என்னோடு வேலை பார்ப்பவர். பதில் சொல்லத் தெரியவில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

மலையாளி என்றதும் "கேரளாவா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருப்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூவர் மலைக்கொருவராகத் தங்கிவிட்டார்கள் என்பது இவர்கள் சொல்லும் வழிக்கதை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 7.94 லட்சம் பழங்குடியினரில் சுமார் 3.5 லட்சம் பேர் மலையாளிகள். மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடி. இதில் ஈரோட்டுக்காரர்கள் சேர்த்தியில்லை.

கலெக்டரால் முடியாது. பழங்குடிகள் பட்டியலில் மலையாளி என்ற பெயரோடு ஒரு வாலும் இருக்கிறது: தர்மபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் இருப்பவர்கள் மட்டும். 1976 திருத்தச் சட்டம் பெரும்பாலான பழங்குடிகளுக்கு இந்த வட்டாரக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. மலையாளிக்கு விட்டுவைத்தது. பர்கூர் அப்போது கோவை மாவட்டம். ஈரோடு தனி மாவட்டமானது 1979-இல். கோவை பட்டியலில் இல்லை, கதை முடிந்தது. கொல்லிமலை நாமக்கல்லுக்குப் போன பிறகும் 'பழைய சேலம்' என்று தப்பித்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், வடஆர்க்காடு, தென்னார்க்காடு என்ற பெயரில் இன்று மாவட்டமே கிடையாது.

கோர்ட்டுக்குப் போனாலும் இதேதான். பட்டியலில் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படிக்க வேண்டும், கூட்டவும் குறைக்கவும் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் என்று 2000-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தும் பதிவாளர் நாயகம் ஒத்துக்கொள்ள வேண்டும், பழங்குடியினர் ஆணையம் ஒத்துக்கொள்ள வேண்டும், மத்திய அமைச்சரவை, அப்புறம் நாடாளுமன்றம். நரிக்குறவர்களைச் சேர்க்கலாம் என்று, பட்டியலைத் திருத்துவது பற்றி ஆராய்ந்த லோகூர் குழு சொன்னது 1965-இல். சட்டம் நிறைவேறியது 2022 டிசம்பரில்.

சரி, உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். நிலம் கையில் இருப்பது வேறு, காகிதத்தில் இருப்பது வேறு. 2006 வன உரிமைச் சட்டப்படி, பட்டியல் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பு அந்த வன நிலத்தை அனுபவித்து வந்ததைக் காட்டினால் போதும், நான்கு ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். பட்டியலில் இல்லாதவர்கள் மூன்று தலைமுறையாக அங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு 25 வருடம் என்று சட்டமே கணக்குப் போட்டிருக்கிறது. ஆக, 1930-க்குப் போக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு பர்கூர் மலையில் தாமரைக்கரை தாண்டி ஒரு வீட்டில் ராகிக் களி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். பெரியவர் உத்தரத்தில் தொங்கிய மஞ்சப்பையை எடுத்து வந்து பாயில் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீதுகள். அடியில் எலி கடித்த ஒரு துண்டுச் சீட்டு. காட்டில் மாடு மேய்த்ததற்கு அவருடைய அப்பா கட்டிய அபராத ரசீது. உள்ளதிலேயே பழைய ஆவணம் அதுதான். குற்றம் செய்ததற்கான சீட்டு குடியிருந்ததற்குச் சாட்சியாகிறது. ஆண்டைப் பார்த்தேன், 1958. இன்னும் 28 வருடம் குறைகிறது.

"எங்க அக்காவ மேட்டூர்ப் பக்கம் பாலமலையில கட்டிக் குடுத்திருக்குதுங்க. அவ பையனுக்கு இந்தப் பையெல்லாம் வேண்டியதில்லீங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாலமலை சேலம் மாவட்டம்.

போலிச் சான்றிதழ் பயத்தில்தான் அரசு கறாராக இருக்கிறது என்பார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அக்கா பையன் பழங்குடி, மாமன் இல்லை என்றால் அங்கே எது போலி?

2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டக் காடுகளில் 80 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டைக் காப்பதில் எனக்கு மறுப்பில்லை. உள்ளே இருப்பவர்களின் உரிமையை எழுதிவைக்காமல் விட்டால் நாளைக்கு யாரிடம் போய்க் கேட்பது?

உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. பட்டியலில் பெயர் ஏறும் வரை அவர்கள் காத்திருக்க வேண்டாம். 'பிற பாரம்பரிய வனவாசிகள்' என்ற பிரிவில் கிராம சபையில் இப்போதே மனு கொடுக்கலாம். பழைய கிணறு, வரப்பு, இடுகாடு எல்லாமே விதிகளில் சாட்சியாக இருக்கின்றன. மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சாட்சி. எழுதிக் கொடுக்கத்தான் அங்கே ஆள் இல்லை. மனுவுக்குச் சாதிச் சான்றிதழும் தேவையில்லை.