மண் பூத்துப்போன நிலத்துக்குப் பயிற்சி எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் இருப்பது தண்டையார்பேட்டை. மீஞ்சூர் பக்கம் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் பல வருஷமாகத் தரிசு, கோடையில் மண்மேல் வெள்ளையாகப் பூக்கிறது. மண்ணை மீட்கும் ‘மீளுருவாக்க வேளாண்மை’ என்று மூன்று நாள் பயிற்சி, மண்டபத்தில், கட்டணத்தோடு. போகலாமா?

பதில்: போங்கள், ஆனால் பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்: உப்பேறிய வயலில், ஒரு போகம் முழுக்க, கூடவே இருந்து சொல்லித் தருவீர்களா? 1989-ல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் இந்தோனேசிய நெல் விவசாயிகளுக்காக ஆரம்பித்த வயல்வெளிப் பள்ளி அப்படித்தான், வாராவாரம் ஒரே வயலில் கூடி, நடவு முதல் அறுப்பு வரை பயிரையும் பூச்சியையும் விவசாயிகளே பார்த்து முடிவெடுப்பார்கள். மண்டபத்தில் ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம் சேர்த்த கரைசல்) கலக்கக் காட்டுவதோடு முடிந்தால் அதற்குக் கட்டணம் எதற்கு?

இன்னொன்று, உங்கள் ஊர்ப் பிரச்சினையே வேறு. சென்னைக்கும் ஆலைகளுக்கும் விவசாயத்துக்குமாக மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது, அதனால் மண்ணோடு போர் தண்ணீரையும் சோதித்தே ஆகவேண்டும். திருவள்ளூரை அடுத்த திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தும் திறன் 4 dS/m-க்கு மேல் போனால் உவர் (உப்பேறிய மண்), காரத்தன்மையைக் காட்டும் பி.எச். 8.5-க்கு மேல் போனால் களர் (சோடியம் மிகுந்த மண்). களருக்குத்தான் ஜிப்சம், வெறும் உவருக்கு அதைக் கொட்டுவது வீண் செலவு. உவர் நிலத்தில் வரப்பை உயர்த்தி, ஐப்பசி கார்த்திகை மழையைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிகாலில் வெளியேற்ற வேண்டும். வடிகால் இல்லாவிட்டால் உப்பு எங்கே போகும்?

அப்புறம் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு. உப்பைத் தாங்கி வளரும், ஏக்கருக்கு 20 கிலோ விதை, பூக்கிற சமயம், அதாவது 45 நாள் வாக்கில் மடக்கி உழுங்கள். முதல் வருஷம் 20 சென்ட் போதும் (சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்). அந்த நிலத்தை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிடாதீர்கள், மண் தேற இரண்டு மூன்று போகமாவது ஆகும்.

கேள்வி: பழைய குப்பைமேட்டில் சலித்த மண்ணை லாரியில் மலிவாகத் தருகிறார்கள், அதே நிலத்துக்கு அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பல வருஷக் கலப்புக் குப்பை அது, பிளாஸ்டிக் தூளோடு ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்களும் இருக்கலாம். உப்பையாவது மழை கழுவும், இவற்றை எடுக்க சுலபமான வழியில்லை. மாதவரம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் மக்கிய சாணம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.