நேபாளத்துக்கு மிஷன் ட்ரிப் போற டீமுக்கு: பைலருந்து கைப்பிரதிய வெளிய எடுங்க, வோட்டர் ஐடிய உள்ள வைங்க

பாளையங்கோட்டை பக்கம் ஒரு சபையோட வாலிபர் ஐக்கிய செக்ரட்டரி தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். மே மாசம் 14 பேர், 10 நாள், நேபாளம். நேபாளி பாஷையில சுவிசேஷ கைப்பிரதி அடிச்சாச்சாம், ஒரு கிராமத்துல விபிஎஸ் (பிள்ளைங்களுக்கு லீவுல நடத்தற பைபிள் வகுப்பு), டீம்ல ஒரு டாக்டரும் ரெண்டு நர்ஸும் இருக்கறதால ஒரு மெடிக்கல் கேம்ப், கடைசி நாள் காத்மாண்டுல ஒரு அனாதை இல்லம். "விசா தேவையில்லன்னு சொல்றாங்க, ஆதார் மட்டும் போதுமா, சபை கணக்குலருந்து செலவு பண்ணலாமா, வேற என்ன ரெடி பண்ணணும்?" இதுதான் கேள்வி.

தம்பி, கேட்ட கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், கேக்காத கேள்விதான் பெருசு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஆதார் போதாது. இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேணாம்ங்கறது சரிதான், ஆனா பாஸ்போர்ட் இல்லன்னா எலெக்‌ஷன் கமிஷன் குடுத்த வோட்டர் ஐடி, இந்த ரெண்டுல ஒண்ணு ஒரிஜினலா கைல இருக்கணும். ஆதார் செல்லுபடியாகறது 15 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கும் 65 தாண்டினவங்களுக்கும்தான். 15லருந்து 18 வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு ஸ்கூல் ஹெட்மாஸ்டர் கையெழுத்து போட்ட அடையாள சர்ட்டிபிகேட் ஒண்ணு இருக்கு, அதுக்குன்னு ஒரு ஃபார்மட்டே உண்டு, ஆனா என்னைக் கேட்டா 18க்கு கீழ யாரையும் இந்த ட்ரிப்புக்கு கூட்டிட்டு போகாதீங்க, காரணம் கீழ புரியும். டீம்ல யாராவது வெளிநாட்டு பாஸ்போர்ட் வச்சிருந்தா, ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக்காரங்களுக்கு நம்ம அரசாங்கம் குடுக்கற கார்டு) இருந்தாலும், அவங்களுக்கு விசா கண்டிப்பா வேணும், டூரிஸ்ட் விசால வந்து ஊழியம் பண்றது அவங்களுக்கு தனி சிக்கல்.

இப்ப கேக்காத கேள்வி. விசா வேணாம்னா என்ன வேணா பண்ணலாம்னு அர்த்தம் இல்ல. 1950 இந்தியா-நேபாள ஒப்பந்தத்தால நமக்கு அங்க போக வர, தங்க, தொழில் பண்ண சலுகை இருக்கு, ஆனா கிரிமினல் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். 2015ல வந்த நேபாள அரசியல் சட்டத்துலயே, 26வது பிரிவுல, ஒருத்தர மதம் மாத்தக்கூடாதுன்னு இருக்கு. 2018 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்த புது குற்றவியல் சட்டம் 158வது பிரிவுல அதுக்கு தண்டனை போட்டாங்க: 5 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000 நேபாள ரூபா வரைக்கும் அபராதம், வெளிநாட்டுக்காரன்னா தண்டனை முடிஞ்சு 7 நாளைக்குள்ள நாட்ட விட்டு அனுப்பிடுவாங்க. மாத்தினா மட்டும் இல்ல, மாத்த முயற்சி பண்ணினாலும், அந்த நோக்கத்தோட பிரசங்கம் பண்ணினாலும், ஆசை காட்டினாலும் குத்தம்தான். டோல்பா மாவட்டத்துல ஒரு நேபாளி பாஸ்டருக்கு 2021ல கோர்ட் ஜெயில் தண்டனை குடுத்த கேஸ்ல கைப்பிரதி குடுத்ததும் ஒரு குற்றச்சாட்டு. அதனால அடிச்ச கைப்பிரதி பண்டல அப்படியே ஊர்லயே வச்சிட்டு வாங்க. பார்டர்ல பைய திறந்தா முதல்ல கண்ணுல படறது அதுதான், நீங்க யாருக்கும் ஒண்ணு கூட குடுக்கலன்னாலும் உங்கள வரவேற்க வந்த ஆளுக்கு அது பிரச்சனை.

இதத்தான் நான் திரும்பத் திரும்ப சொல்லுவேன், நீங்க 10 நாள்ல கிளம்பிடுவீங்க, பதினோராவது நாள் போலீஸ் ஸ்டேஷன்ல உக்காரப் போறது அந்த ஊர் பாஸ்டரும் அவங்க வீட்டுக்காரம்மாவும். வெளிநாட்டு டீம் வந்து பணம் குடுத்து மாத்துதுங்கற புகார் அங்க எப்பவும் ரெடியா இருக்கு, நம்ம போட்டோ ஒண்ணு போதும் அதுக்கு. 2021 சென்சஸ்படி கிறிஸ்தவங்க அங்க 1.76 சதவீதம்தான், பெரும்பாலான சபைய நேபாளிகளேதான் நடத்துறாங்க, நம்ம போய் ஆரம்பிச்சு வைக்க வேண்டிய நிலைமைல அவங்க இல்ல. அதனால 'நாங்க என்ன செய்யலாம்'னு சேகர கமிட்டில (சபை நிர்வாகக் குழுவுல) உக்காந்து லிஸ்ட் போடறத விட்டுட்டு, அந்த சபை பாஸ்டருக்கு போன் போட்டு உங்களுக்கு என்ன தேவைன்னு கேளுங்க. 'வந்து சும்மா எங்களோட இருங்க'ன்னு சொன்னா அதையே செய்ங்க. 'வராதீங்க இப்ப'ன்னு சொன்னா டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க, அதுவும் ஒரு பதில்தான்.

விபிஎஸ் விஷயம். மே மாசம் நமக்குத்தான் லீவு. நேபாளத்துல புது வருஷம் ஏப்ரல் நடுவுல பிறக்கும், புது கிளாஸும் அப்பதான் தொடங்கும், மே மாசம் பிள்ளைங்க எல்லாம் ஸ்கூல்ல இருக்கும், யாருக்கு விபிஎஸ் நடத்துவீங்க? சட்டப்படி பாத்தாலும் இந்துக் குடும்பத்து பிள்ளைங்கள கூப்பிட்டு பாட்டு சொல்லிக் குடுத்து பரிசு குடுக்கறதுதான் இருக்கறதுலயே பெரிய ரிஸ்க். அதுக்கு பதிலா அந்த சபையோட சண்டே ஸ்கூல் டீச்சர்ஸுக்கு ரெண்டு சாயங்காலம் டிரெயினிங் குடுங்க, பிள்ளைங்கள அவங்க பாத்துக்குவாங்க. டீம்ல கீபோர்டு வாசிக்கிறவர், எலெக்ட்ரீஷியன், டேலி தெரிஞ்ச அக்கவுண்டன்ட் இருந்தா இன்னும் நல்லது. பிரசங்கம் பண்ண வர்ற டீம் நிறைய, சவுண்ட் சிஸ்டத்த ரிப்பேர் பண்ணிட்டு சத்தம் போடாம போற டீம் ரொம்ப கம்மி.

மெடிக்கல் கேம்ப் நல்ல எண்ணம்தான், ஆனா உங்க டாக்டரோட இந்திய ரெஜிஸ்ட்ரேஷன் அங்க செல்லாது, நேபாள மெடிக்கல் கவுன்சில்ல தற்காலிக பதிவு வாங்கணும், அது உள்ளூர் ஆஸ்பத்திரி மூலமா மாசக்கணக்குல முன்னாடியே பண்ற வேலை. ஒரு நாள் பிபி பாத்து பத்து நாள் மாத்திரை குடுத்துட்டு வந்தா அப்புறம் அந்த நோயாளிய யார் பாக்கறது? பால்பா மாவட்டத்துல தான்சேன் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கு, 1954ல ஆரம்பிச்ச யுனைடெட் மிஷன் டு நேபாள் வழியா வந்தது, அவங்க அரசாங்கத்தோட ஒப்பந்தம் போட்டு, மதம் மாத்த மாட்டோம்னு ஒத்துக்கிட்டுத்தான் அத்தன வருஷமா வேலை பாக்கறாங்க. உங்க டாக்டருக்கு நிஜமாவே ஆசை இருந்தா தனியா லீவு போட்டு அந்த மாதிரி இடத்துக்கு முறையா எழுதிக் கேட்டு போகட்டும். இன்னொண்ணு, மருந்தோ அரிசியோ துணியோ குடுக்கற இடத்துலயே ஜெபமும் வைக்காதீங்க, 'ஆசை காட்டினாங்க'ன்னு புகார் எழுத வேற ஆதாரமே வேணாம்.

அனாதை இல்லம், இத தயவுசெஞ்சு பிளான்லருந்து தூக்கிடுங்க. கோவப்படாதீங்க. நேபாளத்துல இல்லங்கள்ல இருக்கற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அம்மாவோ அப்பாவோ, ரெண்டு பேருமோ, உயிரோட இருக்காங்க. நல்ல படிப்புன்னு சொல்லி மலை கிராமத்துலருந்து ஏஜென்ட் கூட்டிட்டு வந்து விட்டது நிறைய. இல்லங்கள் ஏன் டூரிஸ்ட் வர்ற காத்மாண்டு, பொக்ரா பக்கமே குவிஞ்சு கிடக்குன்னு யோசிங்க, பிள்ளைங்க அங்க அதிகமா அனாதையாகறதால இல்ல, பணம் குடுக்கறவங்க அங்க வர்றதால. 2015 பூகம்பத்துக்கு அப்புறம் அனுமதி இல்லாம பிள்ளைங்கள வேற மாவட்டத்துக்கு கொண்டு போகக்கூடாதுன்னு அரசாங்கமே தடை போட வேண்டி வந்துச்சு. நம்ம ஒரு மதியம் போய் சாக்லேட் குடுத்து கட்டிப்பிடிச்சு அழுதுட்டு வர்றதுல அந்த பிள்ளைக்கு ஒண்ணும் கிடைக்கல, அடுத்த வாரம் வேற டீம், அடுத்த அழுகை. அந்தப் பணத்த ஒரு பிள்ள தன் வீட்ல இருந்தே படிக்க உள்ளூர் சபை மூலமா குடுக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க.

பணம். உங்க சபை சொத்து டிரஸ்ட்லயோ சொசைட்டிலயோ இருக்கும், வருமான வரி விலக்கும் இருக்கும். அந்த விலக்கு இந்தியாவுக்குள்ள செலவு பண்ற தொகைக்குத்தான், வெளிநாட்டுல செலவு பண்ணினா நேரடி வரிகள் வாரியத்தோட அனுமதி இல்லாம அந்த தொகைக்கு விலக்கு கிடைக்காது, 1961 வருமான வரிச் சட்டத்துல 11(1)(சி) பிரிவு இதத்தான் சொல்லுச்சு. பொருளாளர் ஆர்வத்துல வவுச்சர் போட்டு 'நேபாள ஊழியம்'னு எழுதிட்டார்னா ஆடிட்டர் தலைல கை வைப்பார். அவங்கவங்க செலவ அவங்கவங்க சொந்தப் பணத்துல போடறதுதான் சுத்தம். முடியாத பிள்ளைங்களுக்கு மத்தவங்க தனிப்பட்ட முறைல உதவட்டும், ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

ஒரு இந்திய ரூபாவுக்கு 1.60 நேபாள ரூபா, இது ஃபிக்ஸ் ரேட், யார் கம்மியா குடுத்தாலும் வாங்காதீங்க. பெரிய நோட்டு விஷயத்துல அங்க ரூல் மாறிட்டே வந்திருக்கு, 2018ல 100க்கு மேல உள்ள இந்திய நோட்டுக்கே தடை போட்டாங்க, அதனால 100 ரூபா கட்டா எடுத்துட்டு போனா தலைவலி இல்ல.

சபை ஆராதனை அங்க சனிக்கிழமை, வார லீவு அன்னைக்குத்தான். ஞாயித்துக்கிழமைய நம்பி புரோகிராம் போடாதீங்க. செருப்ப வெளிய விட்டுட்டு தரைல உக்காருவாங்க, நிறைய சபைல ஆம்பள ஒரு பக்கம் பொம்பள ஒரு பக்கம், அக்காமார் முக்காடு போட துப்பட்டா வச்சுக்கோங்க. "ஜெய் மசீ"ன்னு (மேசியாவுக்கு ஜெயம்) சொல்லி கை கூப்பினா போதும், முகம் மலர்ந்துடும். மாடு அங்க தேசிய விலங்கு, வெட்டினா ஜெயில், நம்ம ஊர் பழக்கத்துல ஹோட்டல்ல பீஃப் இருக்கான்னு சத்தமா கேட்டுட்டு நிக்காதீங்க.

ரயில்ல போறீங்கன்னா கோரக்பூர் இறங்கி சோனௌலி பார்டர் வழியா போங்க, அங்கருந்து நேபாளத்துல உள்ள பைரஹவா ஊர் பக்கம்தான். ஜூன் பாதிக்கு மேல இந்த பிளான தள்ளாதீங்க, மழைக்காலத்துல மலை ரோடு சரியும், 2024 ஜூலைல ரெண்டு பஸ்ஸ நிலச்சரிவு அப்படியே திரிசூலி ஆத்துக்குள்ள தள்ளிடுச்சு. ராத்திரி பஸ் வேண்டவே வேணாம். ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா விடுங்க, 2025 செப்டம்பர் போராட்டத்துல காத்மாண்டு ஏர்போர்ட்டையே மூடினாங்க, நம்ம ஆளுங்க நிறைய பேர் மாட்டிக்கிட்டாங்க.

போலீஸோ ஆபீசரோ எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா பொய் சொல்லாதீங்க, சுத்திப் பாக்க வந்தோம்னு ஒருத்தன், மாமா வீட்டுக்குன்னு இன்னொருத்தன் சொன்னா அங்கதான் சந்தேகமே வரும். தெரிஞ்ச சபைக்கு விருந்தாளியா வந்திருக்கோம்னு 14 பேரும் ஒரே மாதிரி சொல்லுங்க, அது உண்மையா இருக்கற மாதிரி புரோகிராம் போட்டிருந்தா பயமும் இல்ல.

கடைசியா போன். ஃபேஸ்புக் லைவ் கிடையாது, ஞானஸ்நானம் போட்டோ கிடையாது, பாஸ்டர் பேரு, ஊர் பேரு, சபை போர்டு எதுவும் ஸ்டேட்டஸ்ல வரக்கூடாது, திரும்பி வந்து சபைல ரிப்போர்ட் குடுக்கும்போது யூடியூப் ஓடுதான்னு பாத்துட்டு பேசுங்க. எத்தன பேர் இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தாங்கன்னு கமிட்டில யாராவது எண்ணிக்கை கேப்பாங்க, அப்படி ஒரு கணக்கே இல்லன்னு சொல்லிடுங்க. இத கிளம்பறதுக்கு முன்னாடியே எழுதி 14 பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கி வச்சுக்கோங்க, ஒத்துக்காதவர் எவ்வளவு நல்லா பாடினாலும் சரி, அவர விட்டுட்டு 13 பேரா போங்க.