நூலால் அளந்த ஆகாயம்

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகன் டிக்கெட் எடுத்து அனுப்புவதாகச் சொல்கிறான். பேத்தியின் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பெங்களூரிலிருந்து 22,000 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அவனோ 14,000 என்கிறான். யார் கணக்கு சரி? பயணம் எத்தனை மணி நேரம்?
(ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: மகன் கணக்குதான் சரி. உங்கள் ஸ்கேல் மேல் குற்றமில்லை, தட்டைப் படத்தின் மேல்தான் குற்றம். முப்பது வருடம் பூகோளம் நடத்தியவள் நான். இந்தக் கேள்விக்கு வகுப்பில் ஒரு நூற்கண்டுதான் எடுத்துப் போவேன். பூமி உருண்டையில் பெங்களூரையும் சான் பிரான்சிஸ்கோவையும் நூலால் இழுத்துப் பிடியுங்கள். அது அரபிக்கடல் பக்கம் திரும்பாது. நேபாளம், மங்கோலியாவின் ஓரம், சைபீரியா என்று ஏறி, அலாஸ்கா வழியாக இறங்கும். நூலின் நீளம் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர்.

ஆனால் விமானம் நூல் பிடித்தபடி பறப்பதில்லை. இமயமலைக்கும் திபெத்துக்கும் மேலே அவசரமாகத் தாழ இறங்க வழியில்லை என்பது ஒரு காரணம். பெரிய காரணம் காற்று. மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி ஓடுகிறது. 2016-இல் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் 13,900-இலிருந்து 15,300 கிலோமீட்டர் ஆனது, நேரமோ இரண்டு மணி அளவுக்குக் குறைந்தது! பின்காற்று தள்ளிவிடும்போது சுற்றுவழியே குறுக்குவழி.

2023 அக்டோபரில் என் மகளைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானத்தில் போனபோது, எதிரே இருந்த சின்னத் திரையில் ஜப்பானுக்கு அப்பால் வேகம் மணிக்கு 1,060 கிலோமீட்டர் என்று காட்டியது. பக்கத்து இருக்கைக்காரர் சினிமா பார்த்தார், நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் இரண்டரைக்குக் கிளம்பி, பதினாறு மணி நேரம் பறந்து, அதே தேதியில் மாலை ஆறு மணிக்கு இறங்கினேன். நடுவில் ஒரு முழு இரவு வந்து போனது. பசிபிக் நடுவே தேதி மாறுவதாக வைத்திருக்கும் தேதிக்கோட்டைக் கிழக்கே தாண்டினால் நாள் ஒன்று திரும்பக் கிடைக்கும். அங்கே கோடையில் நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரமும், குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் பின்தங்கியிருப்பார்கள்.

கிடைத்த நாளை வரும்போது திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வியாழன் இரவு ஏறினேன். பதினேழரை மணி நேரம். இறங்கியபோது சனிக்கிழமை விடியற்காலை. வெள்ளிக்கிழமை விரதக்காரி நான், அந்த வாரம் எப்போது தொடங்கி எப்போது முடிக்க என்று தெரியாமல், பணிப்பெண் நீட்டிய தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: டிக்கெட் நேரடி விமானத்துக்கா, இடையில் இறங்கி மாறுவதா என்று. மாறுவதென்றால் நான் சொன்ன மணிக்கணக்கு பொருந்தாது. பிறகு, ஓசூரிலிருந்து தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூர் விமான நிலையத்துக்கு வீட்டைவிட்டு ஐந்து மணி நேரம் முன்பே கிளம்புங்கள். வழியில் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பில் எந்தப் பின்காற்றும் தள்ளிவிடாது.