வெயில் கொளுத்தும் வாசலுக்கு எந்தச் செடி?

கேள்வி: கடலூர் செம்மண்டலம் பக்கம் புது வீடு கட்டிக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தெற்கிலும் மேற்கிலும் காம்பவுண்டு சுவரோரம் ஆறடி அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில்தான். போர் தண்ணீர் லேசாகக் கரிக்கும். ரோஜாவும் இட்லிப்பூவும் இரண்டு முறை வைத்தும் கருகிவிட்டன. எங்கள் இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, மாதத்தில் பத்து நாள் சென்னையில் மகள் வீட்டில் இருப்போம். தோட்டம் அமைத்துத் தருபவர் ஒருவர் புல்தரை, ரோஜா, சுவரோரம் கோனோகார்பஸ் மரம் என்று திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதிகம் பார்த்துக்கொள்ள வேண்டாத பூச்செடிகளாகச் சொல்லுங்கள்.

பதில்: முதலில் அந்தத் திட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கேட்டது ஆள் இல்லாமல் நிற்கும் தோட்டம். அவர் கொடுத்திருப்பது ஆள் போட்டால்தான் நிற்கும் தோட்டம். புல்தரைக்குக் கோடையில் அன்றாடம் தண்ணீர் வேண்டும், வெட்ட வேண்டும், கோரை பிடுங்க வேண்டும். உப்புத் தண்ணீரில் அதுவும் திட்டுத் திட்டாகக் காயும். காய்ந்த இடத்துக்கு மறுபடி புல் விற்பவரும் அவர்தான்.

கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம். அதன் வேர் தண்ணீரைத் தேடிக் குழாய்க்குள் போகிறது, மகரந்தம் சிலருக்கு ஒவ்வாமை தருகிறது என்று சொல்லி குஜராத் அரசு 2023-இல் அதை நடத் தடை போட்டது. நம் பக்கத்து நர்சரிகளில் இன்னும் வரிசை கட்டி நிற்கிறது. சீக்கிரம் வளர்ந்து பச்சைச் சுவர் மாதிரி ஆகிவிடும் என்பது மட்டும்தான் வாங்குகிறவர் காதில் விழுகிறது. செடியைப் பற்றி என்ன சொல்லி விற்க வேண்டும் என்று கேட்பார் இல்லை. ஒரு பாக்கெட் விதைக்கு லேபிள் கேட்கிற நாட்டில் ஐந்நூறு ரூபாய்ச் செடிக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

உங்கள் ரோஜாவையும் இட்லிப்பூவையும் வெயில் கொன்றதாக நினைக்கிறீர்கள். நான் மண்ணைத்தான் சந்தேகப்படுகிறேன். புது வீடுகளில் சுவரோரப் பள்ளத்தை எதைப் போட்டு நிரப்பியிருப்பார்கள் என்று மேஸ்திரிக்குத்தான் தெரியும். கடப்பாரையை எடுத்து ஓர் இடத்தில் ஒன்றரை அடி தோண்டிப் பாருங்கள். உடைந்த செங்கல், காய்ந்த கலவைக் கட்டி, டைல்ஸ் துண்டு வந்தால் காரணம் அதுதான். சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் இட்லிப்பூவால் எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் வெளிறி நின்றிருக்குமே? அது தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு வாளி உப்புத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

தண்ணீரை ஒருமுறை அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள், செலவு பெரிதாக ஆகாது. சீட்டில் எண்கள் வரும், அதற்கு என்ன அர்த்தம், என்ன செய்வது என்று சொல்லும் ஒரு வரி பெரும்பாலும் இருக்காது. விவசாயிக்கே அந்த நிலை, வீட்டுத்தோட்டக்காரர் போய் நின்றால் யார் உட்கார்ந்து விளக்குவார்கள்? தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் ஈ.சி. (மின்கடத்துதிறன்) என்ற ஒரு வரியை மட்டும் பாருங்கள், போதும். அது 3-க்கு (dS/m அளவில்) மேல் இருந்தால் நான் கீழே சொல்வதில் அரளியையும் காகிதப்பூவையும் மட்டும் வையுங்கள்.

இனி செடிகள். மேற்குச் சுவரோரம் நந்தியாவட்டை, ஐந்தடிக்கு ஒன்று. வருடம் முழுக்கப் பூக்கும், பூச்சி குறைவு, பூஜைக்கும் ஆகும். வாசல் மூலையில் ஒரே ஒரு காகிதப்பூ. அதற்குத் தண்ணீர் அதிகம் ஊற்றினால் இலைதான் வரும், காயப்போட்டால்தான் பூ. பத்து நாள் வீட்டில் இல்லாதவர்களுக்கென்றே பிறந்த செடி. தெற்கே செவ்வரளி. அரளி உப்பையும் கடற்காற்றையும் தாங்கும், ஆடு வாய் வைக்காது. ஆனால் வேர் முதல் பூ வரை அத்தனையும் விஷம். பேரக்குழந்தைகள் வந்து போகும் வீடென்றால் கைக்கு எட்டும் இடத்தில் வேண்டாம், அங்கே இன்னொரு நந்தியாவட்டை வைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் நித்தியகல்யாணியும் பத்துமணிப்பூவும். நித்தியகல்யாணி விதை உதிர்ந்து தானே முளைக்கும், ஒரு முறை வாங்கினால் போதும். பவழமல்லிக்கு இடம் இருந்தால் ஒன்று, தண்ணீர் தேங்காத மேட்டில்.

‘வெயில் தாங்கும் செடி’ என்று கடையில் கேட்டால் அடினியத்தையும் (பாலைவன ரோஜா) கள்ளி வகைகளையும் எடுத்து வைப்பார்கள். வெயிலைத் தாங்கும், பொய்யில்லை. ஐப்பசி, கார்த்திகையை யார் தாங்குவது? 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தென்பெண்ணை வெள்ளத்தை உங்கள் பக்கம் சொல்லவே வேண்டாம். அடினியத்தின் பருத்த அடித்தண்டு ஈரத்திலேயே நின்றால் அழுகிவிடும். உங்கள் ஊர்க் கேப்பர் மலைச் செம்மண்ணில் பிழைப்பது ஆற்றோரம் நிரவிய மனையில் பிழைக்காது. ஆசையாக இருந்தால் தொட்டியில் வைத்து, மழைக்காலத்தில் சன்ஷேடுக்குக் கீழே இழுத்துவிடுங்கள். மற்ற செடிகளுக்கும் பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து முக்கால் அடி உயர்த்திப் போடுங்கள்.

ரோஜா வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் இரண்டு முறை வைத்தவர் மூன்றாவது முறையும் வைப்பீர்கள் என்று தெரியும், அதனால் சொல்கிறேன்: பன்னீர் ரோஜா மட்டும் விதிவிலக்கு. வண்டியில் வரும் பெரிய பூ ரோஜாக்கள் பெரும்பாலும் ஒட்டு கட்டியவை. மேலே இருப்பது ஒரு வகை, வேர் வேறு வகை. மேல்பகுதி கருகிப்போனபின் ஒட்டுக்குக் கீழேயிருந்து வேர்ச்செடி துளிர்க்கும். செடி பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்து மாதக்கணக்காகத் தண்ணீர் ஊற்றுவார்கள், அது பழைய பூவைப் பூக்கவே பூக்காது. துளிர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், ஒட்டுக்குக் கீழே என்றால் கிள்ளிவிடுங்கள். பன்னீர் ரோஜாவைக் குச்சியிலிருந்தே வளர்க்கலாம். வேரும் அதுவே, பூவும் அதுவே, எங்கே துளிர்த்தாலும் பன்னீர் ரோஜாதான். ஒன்றே ஒன்று வையுங்கள், தெற்கே, சுவரைவிட்டு மூன்றடி தள்ளி. மேற்குச் சுவர் சாயங்காலம் வரை அனல் கக்கும், அங்கே வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை, மழை விட்டபின் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். பூ சிறிதாகத்தான் வரும், நான்கே நாளில் உதிரும், வாசனைக்கு ஈடில்லை. ஈ.சி. 3-க்கு மேல் என்றால் இதுவும் வேண்டாம்.

செடி வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். நிழல்வலைக்குள் வளர்ந்து, களிமண் உருண்டையில் வேர் இறுகி, வெளியூரிலிருந்து லாரியில் வரும் செடியில் மொட்டு நிறைய இருக்கும். வெயிலில் வைத்த வாரமே அத்தனையும் கொட்டும். பையின் அடியில் வேர் சுருண்டு கிடந்தாலும் வாங்காதீர்கள். ஒரு முழ உயரச் சின்னச் செடி, நர்சரியிலேயே வெட்டவெளியில் நின்றது, அதுதான் உங்களுக்கு வேண்டியது. அரளிக்கும் நந்தியாவட்டைக்கும் காசே வேண்டாம், அக்கம்பக்கத்தில் பென்சில் தடிமனுக்கு ஒரு கிளை கேட்டு வாங்கிக் குச்சியாக நட்டு வேர் பிடிக்க வைக்கலாம். அடிக்கு ஒரு செடியாக நெருக்கி நட்டு முதல் நாளே தோட்டத்தை நிறைத்துக் காட்டும் ஆளை நம்பாதீர்கள். ஒரு வருடத்தில் பாதி சாகும், அதற்கும் பில் வரும்.

இது வைகாசி. இப்போது எதையும் நடாதீர்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி எடுத்து, இடிபாட்டை அள்ளி வெளியே போட்டு, குழியை வெயிலில் காயவிடுங்கள். வயல் மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, குழிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ஆவணியில் நட்டால் வடகிழக்கு மழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும், அந்த மழையே மண்ணிலுள்ள உப்பைக் கழுவி இறக்கிவிடும். அடுத்த கோடைக்குள் அடியில் நிலக்கடலைத் தோலோ காய்ந்த சருகோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்பிவிடுங்கள். தினமும் தெளிப்பதைவிட வாரம் ஒருமுறை செடிக்கு ஒரு குடம் நின்று ஊற்றுவது நல்லது. முதல் கோடையில் மட்டும் வாரத்துக்கு இரண்டு குடம். சென்னைக்குப் போகிற அன்று காலை ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள், நடுவில் ஒருநாள் பக்கத்து வீட்டில் சொல்லி ஊற்றச் சொன்னால் போதும்.