உங்கள் வாரத்துக்கு எட்டு நாள்

கேள்வி: வயது 38. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு. ஒரு முறை பகல் ஷிப்ட், அடுத்த முறை இரவு, ஏழுக்கு ஏழு. இன்னும் ஐந்து மாதத்தில் நடக்கும் 100 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இணையத்தில் எடுத்த 12 வாரப் பயிற்சி அட்டவணை மூன்றாம் வாரமே குலைந்துபோனது. வேலை இல்லாத ஞாயிறுகளில் குழுவோடு தீவைச் சுற்றுகிறேன். அன்று காலைதான் இரவு ஷிப்ட் முடிந்திருந்தாலும் விடுவதில்லை. சமதளத்தில் எப்படியோ ஒட்டிக்கொள்கிறேன், தெலுக் பஹாங் ஏற்றத்தில் எல்லாரும் போய்விடுகிறார்கள். ‘சைக்கிளையே கட்டியிருக்கலாம்’ என்கிறார் மனைவி. பெயரை எடுத்துவிடட்டுமா?

– சுங்கை ஆரா வாசகர்

பதில்: பெயர் இருக்கட்டும் தம்பி. இரவு வேலை முடிந்த கையோடு போகிறீர்களே, அந்த ஞாயிறு சவாரியை முதலில் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

1996இல் லங்காவி டூர் சைக்கிள் பந்தயம் தொடங்கிய புதிதில் அதைப் பார்த்து ஆசைப்பட்டு சைக்கிள் வாங்கியவன் நான். எனக்கும் அப்போது ஷிப்ட் வேலை. ஒரு நாள் காலை, தொழிற்சாலை வாசலிலிருந்து நேராகக் கிளம்பினேன். தெலுக் கும்பார் வரை நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, ரோட்டோர லோங்காங்கில் (சாக்கடையில்) கிடக்கிறேன், காறை எலும்பு முறிந்திருக்கிறது. எந்த வண்டியும் இடிக்கவில்லை. தூங்கிவிட்டேன், அவ்வளவுதான். மிதித்துக்கொண்டே தூங்க முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பின்னால் ஒரு லோரி வந்திருந்தால் உங்களுக்கு இந்தப் பதிலை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

சரி, அட்டவணைக்கு வருவோம். அது குலைந்ததற்கு உங்கள் சோம்பலைக் குறை சொல்லாதீர்கள். செவ்வாய் கடினம், வியாழன் கடினம், சனி நெடுந்தூரம் என்று திங்கள் முதல் வெள்ளி வரை வேலை பார்ப்பவருக்காக எழுதியது அது. உங்களுக்கு இந்த மாதம் ஓய்வாக இருக்கும் செவ்வாய் அடுத்த மாதம் வேலை நாளாகிவிடும். அதனால் கிழமைகளை மறந்துவிட்டு ரோஸ்டரை, அதாவது உங்கள் ஷிப்ட் அட்டவணையை, சுவரில் ஒட்டுங்கள். உங்கள் வாரத்துக்கு எட்டு நாள். பகல் வாரம் ஒன்று, இரவு வாரம் ஒன்று, ஆக 16 நாளில் ஒரு சுற்று. ஐந்து மாதத்தில் ஒன்பது சுற்று கிடைக்கும். முதல் பந்தயத்துக்கு அது தாராளம்.

பகல் ஷிப்டுக்குப் பின் வரும் நான்கு ஓய்வு நாள்தான் உங்கள் மூலதனம். முதல் நாள், பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் துன் சார்டோன் மலைச்சாலைக்குப் போங்கள். ரேலாவ் பக்கமிருந்து ஐந்து நிமிடம் மூச்சு வாங்க ஏறுங்கள், நிதானமாக இறங்குங்கள். இப்படி நான்கு முறை. ஏறும்போது மூன்று நான்கு சொல்லுக்கு மேல் பேச வரக் கூடாது. வளைவுகள் மோசமானவை, மழை பெய்திருந்தால் அன்றைக்கு வேண்டாம். இரண்டாம் நாள் சைக்கிளைத் தொடவே கூடாது. மூன்றாம் நாள் தனியாகத் தீவைச் சுற்றுங்கள், சுமார் 70 கிலோமீட்டர். நான்காம் நாள் ஒரு மணி நேரம், நடுவில் இரண்டு முறை பத்து பத்து நிமிடம் பந்தய வேகம். வார நாளில் பாலிக் பூலாவ் சாலை எவ்வளவு காலி என்று ஆபீஸ்காரர்களுக்குத் தெரியாது. டுரியான் காலத்தில் மட்டும் ஜாக்கிரதை. கார்களைச் சொல்லவில்லை, ஓரத்தில் கடை போட்டிருப்பார்களே, அதைச் சொல்கிறேன். நான் பல பயிற்சிகளை அங்கேதான் கோட்டை விட்டேன்.

மூன்றாம் நாள் சவாரியில்தான் எல்லாரும் தவறு செய்கிறார்கள். மெதுவாகப் போங்கள் என்றால், நிஜமாகவே மெதுவாக. பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் முழு வாக்கியமாகக் கதை பேசிக்கொண்டு போகிற வேகம். ஸ்கூட்டரில் போகும் பாட்டி முந்திப் போனாலும் போகட்டும். உங்கள் குழு ஓட்டுவது இரண்டுங்கெட்டான் வேகம். உடம்பை வலுப்படுத்தும் அளவுக்குக் கடினம் இல்லை, மறுநாள் களைப்பில்லாமல் எழும் அளவுக்கு எளிதும் இல்லை. அப்படியே ஒரு வருடம் ஓட்டினால் அந்த ஒரு வேகத்தில் மட்டும் கெட்டிக்காரர் ஆவீர்கள். இதயத் துடிப்பு மீட்டர் இருந்தால், 220இல் வயதைக் கழிக்கும் கணக்கை நம்பாதீர்கள். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு சாதாரணமாக மாறும். நம் ஊர் வெக்கையில் வேகம் மாறாமலே துடிப்பு ஏறிக்கொண்டும் போகும். பேச்சு வருகிறதா என்று பாருங்கள், அது போதும்.

ஏற்றத்தில் ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கேட்கிறீர்கள். சமதளத்தில் ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்றை அவர் உடைத்துத் தருகிறார். உங்கள் உழைப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். அணைக்கட்டுப் பக்கம் ஏற்றம் தொடங்கி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கியதும் அந்தச் சலுகை ஏறக்குறைய போய்விடும். அங்கே உங்கள் காலும் உங்கள் எடையும்தான். அதுவரை உங்களைத் தூக்கி வந்தது குழு. போதாததற்கு, ஏற்றத்தின் அடியில் மற்றவர்கள் எழுந்து மிதிப்பதைப் பார்த்து நீங்களும் எழுந்து மிதிக்கிறீர்கள், இல்லையா? முதல் இரண்டு நிமிடம் வேண்டுமென்றே பின்தங்குங்கள். பாதி ஏற்றத்தில் சிலரைத் திரும்பப் பிடிப்பீர்கள். பகல் ஷிப்டுக்குப் பின் வரும் ஓய்வில் ஞாயிறு முதல் நாளாகவோ நான்காம் நாளாகவோ விழுந்தால் தாராளமாகக் குழுவோடு போங்கள், அதுவே அன்றைய கடினப் பயிற்சி. பத்துப் பேர் நடுவில் பதறாமல் ஓட்டத் தனியாகப் பழக முடியாது.

இரவு வாரத்தில் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பகல் தூக்கம் எவ்வளவு நேரம் என்றாலும் அரைத் தூக்கம்தான். வேலை செய்யும் நான்கு நாளும் சைக்கிள் வேண்டாம். கடைசி ஷிப்ட் முடியும் காலையை ஓய்வு நாள் என்று ரோஸ்டர் சொல்லும், உடம்பு ஒத்துக்கொள்ளாது. மதியம் வரை தூங்கிவிட்டு எழுந்தால்தான் அன்றிரவு மறுபடி தூக்கம் வரும். இரண்டாம் நாள் ஒரு மணி நேரம் மெதுவாக. மூன்றாம் நாள் மறுபடி துன் சார்டோன். நான்காம் நாள் இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டு சீக்கிரம் படுங்கள், மறுநாள் ஏழு மணிக்கு வேலை. மற்றவர்கள் நாலு வாரத்துக்கு ஒருமுறை ஓய்வு வாரம் வைப்பார்கள். உங்களுக்கு அதை ரோஸ்டரே வைத்துக் கொடுக்கிறது.

பகல் வேலை நாட்களில் ஏதாவது இரண்டு மாலை, வீட்டில் டிரெய்னரில் (சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்கும் சட்டத்தில்) 40 நிமிடம் போதும். இங்கே ஏழு மணிக்கு முன் விடியாது, வேலைக்கு முன்னால் வெளிச்சத்தில் ஓட்ட வழியே இல்லை. ஃபேனை முகத்துக்கு நேரே வையுங்கள். காற்று இல்லாமல் மிதித்தால் கால் களைப்பதற்கு முன்னால் உடம்பு கொதித்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நீண்ட சவாரியில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 27 கிராம்தான் இருக்கும். பாலிக் பூலாவில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று வெறும் தண்ணீரோடு கிளம்பினால் அந்த ஏற்றத்தில் கால் கை விரித்துவிடும். முதல் அரை மணியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னுங்கள். தண்ணீரில் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் இருக்கட்டும்.

உங்கள் மனைவி சொன்னதை நீங்கள் கிண்டலாக எடுத்துக்கொண்டீர்கள் போல. எனக்கு அது கணக்குக் கேட்பது மாதிரித் தெரிகிறது. என்றைக்கு வீட்டில் இருப்பீர்கள் என்பது அவருக்குத் தெரிவதில்லை. 16 நாள் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதோடு. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் ஓட்டினால் யாருடைய நேரமும் குறையாது. நான் சொன்ன அந்த இரண்டாம் நாள் அவருடையது. அன்றைக்கு சைக்கிள் சங்கிலியைத் துடைக்கக்கூட உட்காராதீர்கள்.

கடைசியாக ஒன்று. பந்தய நாள் ரோஸ்டரில் எங்கே விழுகிறது என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். இரவு ஷிப்டின் நடுவிலோ முடிந்த மறுநாளோ விழுந்தால் ஆள் மாற்ற இப்போதே கேளுங்கள், கடைசி வாரத்தில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சீனப் பெருநாளுக்கோ நோன்புப் பெருநாளுக்கோ நீங்கள் வேலைக்கு வருவதாகச் சொன்னால் உடனே கை நீட்டுவார்கள். தீபாவளியையும் தைப்பூசத்தையும் மட்டும் பேரத்தில் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம் வீட்டில் உங்களுக்காக என்னால் பேச முடியாது.