பாட்டு வீடியோவில் உதடு யாருக்கு?

வணக்கம் சார்,

மதுரையில் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் ‘திஸ் இஸ் அமெரிக்கா’ என்ற அமெரிக்க ராப் பாட்டு வீடியோவைப் போட்டு, அதிலுள்ள குறியீடுகளை ஒவ்வொன்றாக விளக்கினார்கள். அந்த வேகத்தில் நண்பர்கள் சேர்ந்து, எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிற செங்கல் சூளையில் ஒரு ராப் பாட்டு எடுத்தோம். பாடியது வகுப்புத் தோழன். ஃபுல் ஃப்ரேம் கேமரா, 50 எம்எம் லென்ஸ், கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பல், இரவல் ட்ரோன். எல்லாமே வினாடிக்கு 60 ஃப்ரேமில் எடுத்தது. கைவிலங்கு, உடைந்த கடிகாரம், கூண்டுக்கிளி என்று குறியீடுகளும் வைத்தோம்.

பார்த்தவர்கள் “சிமெண்ட் விளம்பரம் மாதிரி அழகா இருக்கு” என்கிறார்கள். பல இடங்களில் உதடும் பாட்டும் சேரவில்லை. சூளையில் வேலை பார்க்கும் ஓர் அக்காவிடம் காட்டினோம். “நாங்க இவ்வளவு மெதுவாவா வேலை பாக்குறோம்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கே தப்பு செய்தோம்? இணைப்பு அனுப்பியிருக்கிறேன்.

வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

வீடியோவைப் பார்த்தேன். உங்களுக்குக் கிடைத்த விமர்சனங்களில் அந்த அக்கா சொன்னதுதான் சரியானது. கல் அறுப்பவர்களுக்குக் கூலி பெரும்பாலும் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கு. வாங்கிய முன்பணமும் அதிலேயே கழியும். சேற்றை உருட்டி, அச்சில் அடித்து, மேலே வழித்து, கவிழ்த்து, அச்சைத் தூக்கும் வேகம்தான் அவர்களுடைய வருமானம். இடுப்புவலியும் அந்த வேகத்தால் வருவதுதான். 60 ஃப்ரேமில் எடுத்ததை 24-இல் ஓட்டியதால் எல்லாம் இரண்டரை மடங்கு மெதுவாகிவிட்டது. சேறு அழகாகத் தெறிக்கிறது, முந்தானை மிதக்கிறது, வியர்வை மின்னுகிறது. அவர்கள் வாழ்க்கையில் எது முக்கியமோ அது மட்டும் படத்தில் இல்லை. வேலையை 24 ஃப்ரேமில், 1/50 வினாடி ஷட்டரில் எடுங்கள். கை நகரும்போது லேசாகக் கலங்கித் தெரியும். வேகத்தைக் கண்ணுக்குச் சொல்வது அந்தக் கலங்கல்தான்.

உதடு சேராத காரணமும் இதே இடத்தில் இருக்கிறது. படப்பிடிப்பில் பாட்டை இயல்பு வேகத்தில் ஓடவிட்டு 60-இல் எடுத்திருக்கிறீர்கள். மெதுவாக்கியதும் பாடகன் வாய் பாட்டுக்கு இரண்டரை மடங்கு பின்னால் போகிறது. அதைச் சரிசெய்ய அந்த ஷாட்களை மட்டும் மறுபடி இயல்பு வேகத்துக்கு இழுத்திருக்கிறீர்கள். அப்படி இழுக்கும்போது 60-இலிருந்து 24 ஃப்ரேமைப் பொறுக்க வேண்டும். இரண்டு விட்டு ஒன்று, ஒன்று விட்டு ஒன்று என்று இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். ஷட்டரும் 1/125 என்பதால் ஒவ்வொரு ஃப்ரேமும் கூர்மையாக நின்று, அசைவு வெட்டி வெட்டி வருகிறது.

மெதுவான உடலும் சரியான உதடும் ஒரே ஷாட்டில் வேண்டுமானால் கணக்கு எளிது. எடுக்கும் ஃப்ரேமை 24-ஆல் வகுங்கள். வருகிற எண்தான் படப்பிடிப்பில் பாட்டை ஓட்டவேண்டிய வேகம். 48 என்றால் 200 சதவீதம், 36 என்றால் 150, 30 என்றால் 125. மெல்லிசையை 200-இல் வாயசைத்துவிடலாம். ராப்பில் சொல் நெருக்கம் அதிகம், 125-ஐத் தாண்டினால் நாக்கு சுளுக்கும். உங்கள் பாடகனுக்கு 30 ஃப்ரேம் போதும். நடையில் லேசான கனம் கூடும், பார்ப்பவருக்கு ஏன் என்று தெரியாது. வேக மாற்றத்தை எடிட்டிங் மென்பொருளிலேயே செய்து, ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்ற எண்ணிக்கையோடு தொடங்கும் தனி ஃபைலாக எடுத்துப்போங்கள். அது இறுதி மிக்ஸிலிருந்து செய்ததாக இருக்கவேண்டும். டெமோவுக்கு வாயசைத்துவிட்டு, பிறகு இசையமைப்பாளர் நடுவில் நாலு தாளத் தட்டு சேர்த்துவிட்டால் அத்தனையும் பாழ்.

இன்னொன்று, பல கேமராக்களில் ஸ்லோ மோஷன் முறையில் ஒலியே பதிவாகாது. எடிட்டில் பிடிமானம் இல்லாமல் தவிப்பீர்கள். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும், பாட்டின் நேரம் ஓடும் கைபேசித் திரையைக் கேமராவுக்குக் காட்டிவிடுங்கள். ஸ்பீக்கரைப் பாடகனுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒலி 14 மீட்டர் போவதற்குள் ஒரு ஃப்ரேம் கடந்துவிடும்.

காலத்தை வைத்து ஆளைக் காட்டுவது இந்தக் கலையின் பழைய வித்தை. 12 ஃப்ரேமில் எடுத்து, பாட்டைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பாடகரை நிதானமாக வாயசைக்கச் சொன்னால், திரையில் அவர் இயல்பாகப் பாடுவார், சுற்றியுள்ள தெரு பறக்கும். ஊரோடு ஒட்டாத ஆள் என்பதற்கு வேறு குறியீடே தேவையில்லை. கோல்ட்பிளே குழுவின் ‘த சயன்டிஸ்ட்’ (2002) வீடியோவில் உலகம் பின்னோக்கி ஓடும், உதடு மட்டும் சரியாகப் பாடும். அதற்காகக் குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் பாட்டைத் தலைகீழாக வாயசைக்கக் கற்றுக்கொண்டார்.

இனி உயரத்துக்கு வருகிறேன். எனக்கு உறுத்தியது இதுதான். உங்கள் பாடகனை முழங்கால் உயரத்திலிருந்து அண்ணாந்து எடுத்திருக்கிறீர்கள். தொழிலாளர்களை நின்றபடி குனிந்தும், ட்ரோனில் உச்சியிலிருந்தும் எடுத்திருக்கிறீர்கள். பாட்டு “நாங்க எல்லாம் ஒண்ணு” என்கிறது, கேமராவின் உயரம் அதை மறுக்கிறது. கீழ்க்கோணமும் அகல லென்ஸும் 1990-களின் அமெரிக்க ஹிப்ஹாப் வீடியோக்கள் பிரபலமாக்கியவை. அவற்றில் பலவற்றை இயக்கிய ஹைப் வில்லியம்ஸ் மீன்கண் லென்ஸில் எடுத்த பாடகர்கள் சட்டகம் பிதுங்க நிற்பார்கள். எங்களைச் சின்னதாகப் பார்த்தீர்களே என்பதற்கான பதிலாக அந்தப் பிதுக்கத்துக்கு அங்கே பொருள் இருந்தது. சூளையில் பிதுங்கி நிற்கவேண்டியவர்கள் யார்? கல் அறுப்பவர் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும்போது அவர் கண் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடியில் இருக்கும். லென்ஸ் அங்கே இறங்கவேண்டும். கிம்பலைக் கழற்றிவிட்டு, மணல் மூட்டை மேல் கேமராவை வையுங்கள். ட்ரோன் ஷாட் ஒன்று போதும். அறுத்துக் காயவைத்த, இன்னும் சுடாத பச்சைக்கல் வரிசை எவ்வளவு தூரம் போகிறது என்று காட்ட அது உதவும். ஐந்து ஷாட் ஆனால் ஆட்கள் கோலப்புள்ளி ஆகிவிடுகிறார்கள்.

‘திஸ் இஸ் அமெரிக்கா’வில் உங்கள் வகுப்பு கவனிக்காத ஒன்று, பின்னணி மங்கலாக இல்லை என்பது. 2018 மே மாதம் வெளியான அந்த வீடியோவை இயக்கியவர் ஹிரோ முராய். ஒரு காலிக் கிடங்கு. சைல்டிஷ் காம்பினோ என்ற பெயரில் பாடும் டொனால்ட் க்ளோவர் முன்னால் ஆடிக்கொண்டே வருகிறார், பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் சேர்ந்து ஆடுகிறார்கள். கேமரா கூடவே பின்வாங்கிப் போகிறது. வெட்டே இல்லாதது போல நீண்ட ஷாட்கள், ஒட்டு தெரியாமல் இணைத்தவை. அவர் முகத்தையும் காலையும் விட்டுக் கண் நகராது. பின்னால் ஓட்டம், கலவரம், எரியும் கார். மேலே உயர நடைபாதையில் உட்கார்ந்து கைபேசியில் படம் பிடிக்கும் பிள்ளைகள். முதல் தடவை இதில் பாதிதான் கண்ணில் படும். இரண்டாம் தடவை, நாம் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதைத் தவறவிட்டோம் என்பது தெரியும். பார்ப்பவரையே குற்றத்தில் கூட்டுச் சேர்க்கும் அமைப்பு அது. ஆளைச் சுட்டதும் துப்பாக்கியை ஒரு பையன் சிவப்புத் துணியில் பக்குவமாக வாங்கிக்கொள்கிறான், பிணத்தைத் தரையோடு இழுத்துப்போகிறார்கள். எந்த வகுப்பும் எடுக்காமல் இது புரியும், ஏனென்றால் ஒரே ஷாட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கிறது. க்ளோவர் குறியீடுகளுக்கு விளக்கம் சொல்ல மறுத்ததும் நல்லதுக்குத்தான்.

நீங்கள் 50 எம்எம் லென்ஸை எஃப் 1.4-இல், அதாவது ஒளி புகும் துளையை மிக அகலமாகத் திறந்துவைத்து, இரண்டு மீட்டரில் பாடகனை நிறுத்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கில் தெளிவாக இருப்பது சுமார் 13 சென்டிமீட்டர் ஆழம்தான். மூக்கிலிருந்து காது வரை பாடகன், அதற்குப் பின்னால் சூளை முழுக்க வெண்ணெய். சூளையைப் பற்றிய பாட்டில் சூளையே கரைந்துவிட்டது. 24 எம்எம், எஃப் 8, ஃபோகஸ் இரண்டரை மீட்டர் என்று வைத்துப்பாருங்கள். ஒன்றேகால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக நிற்கும். பாடகன் பாடட்டும், அவன் தோளுக்குப் பின்னால் வேலை நடக்கட்டும், இரண்டையும் வெட்டாமல் காட்டுங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50, எஃப் 8 என்றால் மூன்று ஸ்டாப் என்டி, அதாவது வெளிச்சத்தை மூன்று முறை பாதியாக்கும் வடிகட்டி, போதும். படத்தை வெளிறலாகப் பதியும் லாக் முறையில் ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இறங்காத கேமரா என்றால் ஆறு ஸ்டாப்.

முகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. உச்சிவெயிலில், தானியங்கி அளவில் எடுத்ததால் கேமரா வெளிறிய வானத்தைப் பார்த்து இருட்டிக்கொண்டது. கண்குழி கறுத்துவிட்டது. கறுப்புத் தோலுக்கு வெளிச்சம் நேரே அடிப்பதைவிடப் பக்கவாட்டில் பெரிய பரப்பில் பட்டுத் திரும்புவது நல்லது. ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை போதும், ஆளைப் பளபளப்போடு காட்டும். வெளிச்ச அளவைத் தோலில் எடுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். நிறம் திருத்தும் கிரேடிங்கில், யாரோ விற்ற ஆரஞ்சு LUT-ஐ (ஆயத்த நிற அமைப்பை) போட்டிருக்கிறீர்கள். மண், கல், தோல் மூன்றும் ஒரே நிறமாகி ஆள் சேற்றில் மறைந்துபோகிறார். அதை எடுத்துவிடுங்கள்.

தலைப்பில் கேட்டதற்கு வருகிறேன். பாட்டு வீடியோவில் யார் வாயசைக்கிறாரோ குரல் அவருடையது என்று நம் கண் எடுத்துக்கொள்ளும். உங்கள் வீடியோவில் அந்த உரிமை ஒரே ஆளுக்கு. மற்றவர்கள் ஊமையாக வேலை செய்கிறார்கள், அவன் அவர்களைப் பற்றிப் பாடுகிறான். மைக்கேல் ஜாக்சனின் ‘தே டோன்ட் கேர் அபவுட் அஸ்’ பாட்டை 1996-இல் ஸ்பைக் லீ பிரேசிலில் எடுத்தார். ரியோவின் டோனா மார்ட்டா குடிசைப்பகுதியில் எடுக்க, ஊர் பேர் கெடும் என்று அதிகாரிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சால்வடார் நகரில் ஒலோடம் என்ற முரசுக் குழுவின் சுமார் 200 பேர் முரசு கொட்டுகிறார்கள். உலகின் பெரிய நட்சத்திரம் நடுவில் இருந்தும் அவர்கள் பின்னணி ஆகவில்லை, காரணம் நாம் கேட்கும் தாளத்தை அவர்கள் கைதான் அடிக்கிறது. சூளையில் அச்சுத் தட்டும் ஓசை, கல் அடுக்கும் ஓசை உண்டு. பதிவுசெய்து, உங்கள் இசையமைப்பாளரிடம் தாளமாகக் கொடுங்கள். திரும்பத் திரும்ப வரும் அந்த வரியை அங்கே இருப்பவர்களில் விருப்பமுள்ளவர் வாயசைக்கட்டும். கூச்சப்பட்டால் வற்புறுத்தவேண்டாம், லென்ஸை நேராகப் பார்த்தால் போதும்.

வெட்டும் அளவும் மாறவேண்டும். உங்கள் பாட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தட்டு. ஒரு தட்டு 0.6 வினாடி. நீங்கள் இரண்டு தட்டுக்கு ஒருமுறை வெட்டுவதால் ஒரு கல் முழுதாக அறுபடுவதை யாருமே பார்ப்பதில்லை. எட்டுத் தட்டு விட்டால் 4.8 வினாடி. சேறு அச்சில் விழுவதிலிருந்து கல் தரையில் இறங்குவது வரை அதில் வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் பதினாறு விடுங்கள். பாடகன் பகுதியை எப்படி வேண்டுமானாலும் வெட்டுங்கள்.

கைவிலங்கும் கடிகாரமும் போகட்டும். கிளியும்தான். நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், நீங்கள் அதை ஆதாரத்தோடு யூடியூபில் ஏற்றியிருக்கிறீர்கள்.

மறுபடி எடுக்கப் போகிறீர்கள் என்றால் காலை வெயில் சாய்ந்திருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். பச்சைக்கல் காயும் களத்தில் ட்ரைபாட் வைக்காதீர்கள், மிதிபட்ட கல் கணக்கில் சேராது. உங்களுக்காக நிறுத்தும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எத்தனை கல் குறையும் என்று அவர்களிடமே கேட்டு, அந்தக் கூலியை அவர்கள் கையில் கொடுங்கள், மேஸ்திரியிடம் வேண்டாம். முகம் தெரிவதால் முதலாளியிடம் தொல்லை வருமா என்பதையும், கடைசியில் பெயர் போடலாமா என்பதையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அன்புடன்.