சண்டை வராத கால்பந்துக் கேள்வி

நண்பர்கள் குழுவில் தினம் ஒரு கால்பந்து வரலாற்றுக் கேள்வி போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். விடையைப் பற்றிய மல்லுக்கட்டும் கூடவே பெருகியிருக்கிறது. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பஞ்சாயத்துதான்.

கே: 'உலகக் கோப்பையில் முதல் ஹாட்ரிக் அடித்தவர் யார்?' என்று கேட்டேன். அர்ஜென்டினாவின் ஸ்டாபிலே என்று விடை வைத்திருந்தேன். குழுவில் ஒருவர் அமெரிக்க வீரர் என்று அடம்பிடிக்கிறார். மதிப்பெண் யாருக்கு?

அவருக்கே கொடுத்துவிடுங்கள். கில்லெர்மோ ஸ்டாபிலே மெக்சிகோவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தது 1930 ஜூலை 19 அன்று. அதற்கு இரண்டு நாள் முன்பே, ஜூலை 17 அன்று, அமெரிக்காவின் பெர்ட் பேட்டனாட் பராகுவேக்கு எதிராக மூன்று அடித்துவிட்டார். ஆட்டம் 3–0.

பிறகு ஏன் இத்தனை வருடக் குழப்பம்? அந்த மூன்றில் இரண்டாவது கோலை ஒரு பதிவு பேட்டனாட் பெயரிலும், இன்னொன்று சக வீரர் டாம் ஃபுளோரி பெயரிலும், மற்றொன்று பராகுவே வீரரின் சேம்சைடு கோலாகவும் எழுதிவைத்திருந்தது. 2006-ல்தான் ஃபிஃபா அதை பேட்டனாட் கணக்கில் சேர்த்தது. அதற்கு முன் அச்சான புத்தகங்களில் ஸ்டாபிலே பெயர்தான் இருக்கும். நீங்கள் விடை எடுத்ததும் அப்படி ஒரு பழைய பட்டியலாக இருக்கலாம்.

1938 உலகக் கோப்பையில் பிரேசிலின் லியோனிடாஸ் அடித்த கோல்களிலும் இதே கதை. பழைய பட்டியல்களில் 8, இன்றைய ஃபிஃபா பட்டியலில் 7. ஆகவே 1930, 1934, 1938 போட்டிகளின் கோல் கணக்கைக் கேள்வியாக்கும்போது 'ஃபிஃபாவின் இன்றைய பட்டியல்படி' என்று ஒரு வாலைச் சேர்த்துவிடுங்கள்.

கே: சொந்த மண்ணில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தோற்ற நாடு பிரேசில், 1950. இதில் என்ன தவறு? எல்லோரும் என்னைக் கேலி செய்கிறார்கள்.

கேலி கொஞ்சம் அதிகம்தான், ஆனால் விடை தவறு. 1950-ல் இறுதிப் போட்டி என்று ஒன்று வைக்கப்படவே இல்லை. நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோதும் இறுதிச் சுற்று மட்டும்தான். வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. பிரேசில் ஸ்வீடனை 7–1, ஸ்பெயினை 6–1 என்று நொறுக்கி 4 புள்ளியோடு நின்றது. உருகுவே ஸ்பெயினோடு 2–2 டிரா, ஸ்வீடனை 3–2 என்று வென்று 3 புள்ளி. கடைசி நாளான ஜூலை 16 அன்று ரியோவின் மரக்கானா மைதானத்தில் இந்த இரண்டும் மோதியதால் அது இறுதிப் போட்டி மாதிரி ஆகிவிட்டது. டிரா செய்திருந்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. இறுதிப் போட்டியில் டிரா போதும் என்ற பேச்சுக்கு இடமேது? 47-வது நிமிடத்தில் ஃபிரியாசா பிரேசிலை முன்னே கொண்டுபோனார்; 66-ல் ஸ்கியாஃபினோ, 79-ல் கிஜியா. உருகுவே 2–1. அதே நாளில் இன்னொரு மைதானத்தில் ஸ்வீடன் ஸ்பெயினை வென்று மூன்றாம் இடம் பிடித்துக்கொண்டிருந்தது.

உங்கள் கேள்விக்குச் சரியான விடை ஸ்வீடன். 1958-ல் சொந்த நாட்டில் நடந்த இறுதிப் போட்டியில் பிரேசிலிடம் 2–5 என்று தோற்றது. 2022 வரை அப்படித் தோற்ற ஒரே நாடும் அதுதான். உண்மையில் நல்ல கேள்வி. பத்தில் எட்டுப் பேர் மரக்கானாவில் போய் விழுவார்கள்.

கே: பெனால்டி ஷூட் அவுட்டில் அடிக்கும் கோல் வீரரின் கணக்கில் சேருமா, சேராதா?

சேராது. கூடுதல் நேரம் முடிந்ததும் ஸ்கோர் எதுவோ, அதுவே ஆட்டத்தின் ஸ்கோர். ஷூட் அவுட் அடுத்த சுற்றுக்குப் போவது யார், கோப்பை யாருக்கு என்று முடிவு செய்வதற்கான வழி மட்டுமே. 2022 இறுதிப் போட்டி ஏட்டில் 3–3 டிரா. அர்ஜென்டினா 4–2 என்று ஷூட் அவுட்டில் வென்றது தனிக் குறிப்பு. அந்தத் தொடரில் மெஸ்ஸி நெதர்லாந்துக்கும் பிரான்சுக்கும் எதிராக ஷூட் அவுட்டில் அடித்தவை அவருடைய 7 கோல்களில் கிடையாது. எம்பாப்பேயின் 8-லும் அப்படித்தான். 120 நிமிடத்துக்குள் ஆட்டத்தின் நடுவே கிடைக்கும் பெனால்டி மட்டும் வழக்கமான கோலாகச் சேரும்.

இந்த விதியிலிருந்து அருமையான கேள்விகள் பிறக்கும். 'ஒரு கோல்கூட வாங்காமல் உலகக் கோப்பையிலிருந்து வெளியேறிய அணி எது?' 2006-ன் சுவிட்சர்லாந்து. பிரான்சோடு 0–0, டோகோவையும் தென்கொரியாவையும் தலா 2–0, உக்ரைனோடு 0–0. அங்கே ஷூட் அவுட்டில் ஓர் உதைகூட உள்ளே போகாமல் 0–3 என்று வெளியே வந்தார்கள். இதற்கு ஜோடியாக மறுநாள் போட ஒன்று: '2010 உலகக் கோப்பையில் ஓர் ஆட்டத்திலும் தோற்காத ஒரே அணி?' எல்லோரும் ஸ்பெயின் என்பார்கள். ஸ்பெயின் முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் 0–1 என்று தோற்றது. விடை நியூசிலாந்து: மூன்று ஆட்டம், மூன்றும் டிரா, வீட்டுக்குப் பயணம்.

கே: முதல் சிவப்பு அட்டை 1930-லா, 1974-லா?

வெளியேற்றம் வேறு, அட்டை வேறு. 1930-லேயே ருமேனியாவுக்கு எதிராக ஒரு பெரு வீரர் வெளியேற்றப்பட்டார். அப்போது நடுவரின் பையில் அட்டை கிடையாது. 1966 காலிறுதியில் அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை ஜெர்மானிய நடுவர் வெளியே போகச் சொன்னார். மொழி புரியவில்லை என்று அவர் பல நிமிடம் நகரவே இல்லை. அந்தக் கூத்துக்குப் பிறகு நடுவர் குழுவின் கென் ஆஸ்டன் போக்குவரத்து விளக்கைப் பார்த்து யோசித்ததுதான் மஞ்சளும் சிவப்பும். 1970-ல் அட்டைகள் வந்தன, சிவப்பு ஒன்றும் வெளியே வரவில்லை. முதல் சிவப்பு 1974 ஜூன் 14 அன்று சிலியின் கார்லோஸ் காஸெலிக்கு. 'முதலில் வெளியேற்றப்பட்டவர்' என்று கேட்டால் 1930, 'முதல் சிவப்பு அட்டை' என்று கேட்டால் 1974.

கே: 1950 உலகக் கோப்பையில் வெறுங்காலோடு ஆட ஃபிஃபா அனுமதிக்காததால் இந்தியா விலகியது என்று போட்டேன். 'கட்டுக்கதை' என்று ஒருவர் மறுக்கிறார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கேட்டுவரும் செய்தியாயிற்றே?

காலங்காலமாகக் கேட்பதாலேயே அது உண்மையாகிவிடாது. பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் தகுதிச் சுற்றிலிருந்து விலகியதால் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவே இருந்த பிரிவில் சேர்த்தார்கள். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் விலகிக்கொண்டது. பயிற்சிக்கு நேரம் போதாது என்பதும் அணித் தேர்வில் இருந்த சிக்கலும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பயணச் செலவும் பேசப்பட்டது. ஆனால் அதில் பெரும்பகுதியை ஏற்க பிரேசில் முன்வந்திருந்தது. அன்று சம்மேளனத்தின் கண்ணுக்கு ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பை அவ்வளவாகப் படவில்லை என்று அந்த அணியின் சைலன் மன்னா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

வெறுங்கால் கதை 1948 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து முளைத்தது. பிரான்சுக்கு எதிராக இந்திய வீரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல்தான் ஆடினார்கள். இரண்டு பெனால்டிகளை வீணடித்து 1–2 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். கதையைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. தடைதான் காரணம் என்றால், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா மறுபடி எப்படி வெறுங்காலோடு இறங்கியது? அங்கே யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்று வாங்கிய பிறகுதான் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

நீங்கள் போட்ட கேள்வியை நீக்க வேண்டாம். 'சரியா, தவறா?' என்று திருப்பிப் போடுங்கள், ஒரு வாரம் ஓடும்.

கே: நான் என்ன கேட்டாலும் 'அது எந்தக் கணக்கில்?' என்று கொக்கி போடுகிறார்கள். கேள்வியை எப்படி எழுதுவது?

கொக்கி போடுகிறவர்கள் மேல் கோபப்படாதீர்கள். கேள்வியில் ஓட்டை இருப்பதால்தான் கொக்கி மாட்டுகிறது. அனுப்புவதற்கு முன் நான்கு இடங்களைத் தட்டிப் பாருங்கள்.

முதலில், ஆண்களா பெண்களா? 'உலகக் கோப்பைகளில் அதிக கோல்' என்று பொதுவாகக் கேட்டால் விடை ஜெர்மனியின் மிரோஸ்லாவ் குளோசே அல்ல. 2022 முடிய அவர் 16; பிரேசிலின் மார்ட்டா 17. 'சர்வதேச ஆட்டங்களில் அதிக கோல்' என்றால் கனடாவின் கிறிஸ்டின் சின்கிளேர், 190. போர்ச்சுகலின் ரொனால்டோ என்று எழுதிவைத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

இரண்டாவது, எந்தப் போட்டி? 'இங்கிலாந்து லீக்கில் அதிக கோல்' என்றால் ஆலன் ஷியரரின் 260 நினைவுக்கு வரும். அது 1992-ல் தொடங்கிய பிரீமியர் லீக் கணக்கு. அதற்கு முந்தைய முதல் டிவிஷனையும் சேர்த்தால் ஜிம்மி கிரீவ்ஸ் 357. ஷியரருக்கே 1992-க்கு முன் சௌத்தாம்ப்டனில் அடித்த 23 இருக்கிறது. கால்பந்து 1992-ல் பிறந்தது போன்ற பட்டியல்கள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன, எச்சரிக்கை.

மூன்றாவது, எவை ஆட்டமாக எண்ணப்படும்? பெலேயின் கோல்கள் 1,283 என்பது நட்பு ஆட்டங்கள், சுற்றுப்பயண ஆட்டங்கள் எல்லாம் சேர்ந்தது. 1969 நவம்பர் 19 அன்று மரக்கானாவில் வாஸ்கோ அணிக்கு எதிராகப் பெனால்டியில் அடித்த ஆயிரமாவது கோலும் அந்தக் கணக்கின்படிதான். பிரேசிலுக்காக அதிகாரபூர்வமாக 92 ஆட்டங்களில் 77. 'பெலே மொத்தம் எத்தனை கோல்?' என்ற கேள்விக்கு ஒற்றை விடையே இல்லை. அதைக் கேட்காமலிருப்பது உத்தமம்.

நான்காவது, எதுவரை? இன்றைய சாதனை அடுத்த தொடரில் உடையும். 'அதிக', 'இளைய', 'வேகமான' என்ற சொல் வந்தால் பக்கத்திலேயே '2022 முடிய' என்று ஆண்டும் வரவேண்டும். பழைய கேள்வியைத் தூசி தட்டி மறுபடி போடும்போது இதுதான் காலை வாரும்.

கே: கேள்வி போட்ட இரண்டே நிமிடத்தில் தேடிப் பார்த்து விடையை ஒட்டிவிடுகிறார்கள். சுவாரசியமே போய்விடுகிறது.

'1966-ல் கோப்பை வென்றது யார்' போன்றவற்றைப் போட்டால் அதுதான் நடக்கும். விடையிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்: இரண்டு செய்திகளை முடிச்சுப் போட்டு, முடிச்சை அவிழ்க்கிறவருக்கு மட்டும் விடை தெரியும்படி. 'இரண்டு உலகக் கோப்பை இறுதிகளில் இரண்டு நாடுகளுக்காக ஆடியவர்': லூயிஸ் மான்டி, 1930-ல் அர்ஜென்டினா, 1934-ல் இத்தாலி. இதுகூடத் தேடினால் கிடைக்கும். '1930 இறுதியில் தோற்றார், நான்கு ஆண்டு கழித்து வென்றார், சட்டை மட்டும் வேறு' என்று எழுதினால் தேடுபொறிக்குக் கொஞ்சம் வியர்க்கும்.

முதல் நான்கு மணி நேரம் குழுவில் விடை வரக்கூடாது, கேட்டவருக்குத் தனியாகத்தான் அனுப்ப வேண்டும். பிறகு ஒரு துப்பு: தசாப்தம் அல்லது கண்டம். இன்னும் மூன்று மணி நேரம் கழித்து இரண்டாவது துப்பு: களத்தில் எந்த நிலையில் ஆடினார் என்பது. துப்பில் ஒருபோதும் கிளப் பெயரைத் தராதீர்கள். கிளப் தெரிந்தால் பாதி விடை கையில். விடை சொல்லும்போது பெயரோடு ஆட்டம், தேதி, ஸ்கோர் மூன்றையும் எழுதுங்கள். தப்பு இருந்தால் மற்றவர்கள் கண்டுபிடிக்க அதுதான் வழி. அன்றிரவு பெரிய ஆட்டம் இருந்தால் விடையை ஆட்டத்துக்கு முன்பே சொல்லி முடித்துவிடுங்கள். நேரலை பார்க்காதவர்கள் குழுப் பக்கமே வரமாட்டார்கள், ஸ்கோர் தெரிந்துவிடும் என்ற பயம்.

கே: 'வரலாற்றில் இந்த நாள்' என்று 2014 உலகக் கோப்பை இறுதியை ஜூலை 14 அன்று போட்டேன். 13 என்கிறார்கள். நான் பார்த்தது 14-ல்தானே?

நீங்கள் பார்த்தது 14, ஆட்டம் நடந்தது 13. ரியோவில் மாலை 4 மணிக்குத் தொடங்கியபோது ஆசியாவின் பெரும்பகுதியில் நள்ளிரவு தாண்டிவிட்டது. மைதானம் இருக்கும் ஊரின் தேதிதான் வரலாற்றுத் தேதி.

கே: கோல்கீப்பர் அல்லாத ஒருவர் 1-ஆம் எண் சட்டை போட்டு உலகக் கோப்பையில் ஆடியிருக்கிறாரா?

ஆடியிருக்கிறார். 1982-ல் அர்ஜென்டினா எண்களைக் குடும்பப் பெயரின் அகரவரிசையில் கொடுத்தது. நடுக்கள வீரர் ஆர்டிலெஸுக்கு 1, கோல்கீப்பர் ஃபில்லோலுக்கு 7. வரிசையை மீறி 10-ஐ வாங்கிக்கொண்டவர் மரடோனா. 1974-ல் நெதர்லாந்தும் அப்படியே செய்தது: முன்கள வீரர் கீல்ஸுக்கு 1, கோல்கீப்பர் யாங்ப்ளூட்டுக்கு 8. அங்கே விதிவிலக்கு யார் என்பதை நாளைக் காலைக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். விடை கிரைஃப், எண் 14.